உலக சினிமா திரையிடும் நண்பர்களுக்கு: ரிஸ் அகமதுவின் பாடல்களையும் சேர்த்துப் போடுங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நூலக மாடிகளிலும் கல்லூரி அரங்குகளிலும் வாடகைக் கூடங்களிலும் உலக சினிமா திரையிட்டு, படம் முடிந்ததும் வந்தவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்துப் பேசச் சொல்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் இதைச் செய்கிறீர்கள். நான் பார்த்த நல்ல படங்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்கள் காட்டியவை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

பிரிட்டிஷ் நடிகர் ரிஸ் அகமது நடித்த 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' நீங்கள் விரும்பித் திரையிடும் படங்களில் ஒன்று. அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு ஒலி வடிவமைப்பில் தொடங்கும், காது கேளாதோர் வாழ்க்கையைத் தொடும், ஆஸ்கர் பரிந்துரையில் வந்து முடியும். அந்த மனிதர் ராப் பாடகர் என்பதை யாராவது கடைசியில் ஒரு துணுக்காகச் சொல்வார்கள். சரி, பாடவும் செய்வாரா என்று கேட்டுவிட்டு எல்லோரும் செருப்பைத் தேடப் போய்விடுவோம். அவருடைய படத்தைக் காட்டும் நாளில் பாடல்களையும் நிகழ்ச்சியில் சேருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் புரிகின்றன.

நடிகர் பாடுவது பிரிட்டனில் புதிதில்லை. ஹ்யூ லாரி 2011இல் நியூ ஆர்லியன்ஸ் ப்ளூஸ் பாடல்களை எடுத்துக்கொண்டு 'லெட் தெம் டாக்' ஆல்பம் போட்டார். டிராகுலாவாக உலகம் அறிந்த கிறிஸ்டோபர் லீ, தொண்ணூறை நெருங்கும் வயதில் சார்லமேன் பேரரசனின் கதையை ஹெவி மெட்டல் ஆல்பமாகக் கொண்டுவந்தார். இத்ரிஸ் எல்பா டிஜேவாக மேடை ஏறுகிறார். அந்தோணி ஹாப்கின்ஸ் இளவயதில் எழுதி வைத்திருந்த வால்ட்ஸ் ஒன்றை 2011இல் ஆந்த்ரே ரியூவின் இசைக்குழு வாசித்தது. 2021இல் ரிஸ் அகமதுவுக்குக் கிடைக்காமல் போன சிறந்த நடிகர் ஆஸ்கரை வாங்கியவரும் இதே ஹாப்கின்ஸ்தான். இவர்கள் யாருடைய இசையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லாரியின் பியானோவைக் கேட்காமலே அவர் நடித்த 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரை முழுதாக ரசித்துவிடலாம். ரிஸ் அகமதுவிடம் அப்படி முடியாது. சினிமா அவரைப் பேசவிடாத காலத்தில் அவர் பேசியதெல்லாம் பாட்டில் இருக்கிறது. பின்னால் சினிமா அவருக்கு இடம் கொடுத்தபோது, பாட்டில் பேசியதையே எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

1982இல் லண்டனின் வெம்ப்ளி பகுதியில் பிறந்தவர். பெற்றோர் கராச்சியிலிருந்து குடியேறியவர்கள். பதின்வயதிலேயே பைரேட் ரேடியோ என்று அங்கே சொல்லப்படும் உரிமம் இல்லாத வானொலிகளில் மைக் பிடித்தார். எதிரில் நிற்பவனை அந்த நொடியில் கட்டிய வரிகளால் மடக்கும் ராப் போட்டிகளில் நின்றார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தார். நாடகப் பள்ளிக்கு அதற்குப் பிறகுதான் போனார். மைக்தான் முன்னால் வந்தது, கேமரா பின்னால்தான். மேடையில் அவர் வைத்துக்கொண்ட பெயரும் ரிஸ் எம்சி. எம்சி என்றால் மைக் பிடித்து ராப் பாடுகிறவர்.

2006ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வருடம்தான் அவருடைய முதல் படம், மைக்கேல் வின்டர்பாட்டமும் மேட் வைட்கிராஸும் இயக்கிய 'தி ரோட் டு குவான்டனமோ' வந்தது. டிப்டன் ஊரைச் சேர்ந்த மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் பயங்கரவாதிகள் என்ற சந்தேகத்தில் அமெரிக்காவின் குவான்டனமோ சிறையில் அடைக்கப்பட்டு, கடைசியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்ட உண்மைக் கதை. பெர்லின் திரைவிழாவில் இயக்கத்துக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. விருது வாங்கிய படத்தின் நடிகராக ரிஸ் ஊர் திரும்புகிறார். லூட்டன் விமான நிலையத்தில் அவரைத் தடுத்துத் தனியறைக்குக் கொண்டுபோய் விசாரிக்கிறார்கள். முஸ்லிம்களின் போராட்டத்தை வளர்க்கத்தான் நடிகரானாயா என்று ஒரு அதிகாரி கேட்டதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். சந்தேகப்பட்டுப் பிடிக்கப்பட்டவனாக நடித்துவிட்டு வந்தவரை, நடித்ததற்காகவே சந்தேகப்பட்டுப் பிடிக்கிறார்கள்.

அதே வருடம் 'போஸ்ட் 9/11 ப்ளூஸ்' என்ற பாட்டையும் வெளியிட்டார். செப்டம்பர் 11க்குப் பிறகு டிவி செய்தி முதல் தெருமுனை வரை பரவிய பயத்தைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளின் பாட்டு மாதிரி துள்ளலாகப் பாடிய நையாண்டி. அரசியல் ரீதியாகச் சிக்கலானது என்று சொல்லி வானொலிகள் முதலில் அதைத் தொடவில்லை. அவர் பேட்டர்ட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஓர் இசை வெளியீட்டு நிறுவனம் தொடங்கித் தானே வெளியிட்டார். நிராகரித்த செய்தி பரவியதால் சில தனியார் நிலையங்கள் எடுத்துப் போட்டன. படத்தில் அவருக்குக் கிடைத்த பங்கு, வாய் திறக்க முடியாமல் அடிபடுகிறவனுடையது. பாட்டில் அவர் வாய் ஓயவே இல்லை. ஒரே வருடம், ஒரே மனிதர். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாலே போதும், நான் சொல்ல வருவது புரிந்துவிடும்.

அதற்குப் பிந்தைய படங்களை நீங்கள் அறிவீர்கள். 2008இல் 'ஷிஃப்டி'. 2010இல் கிறிஸ் மாரிஸின் 'ஃபோர் லயன்ஸ்', அதில் கோமாளித்தனமான பயங்கரவாதக் கும்பலின் தலைவன். 2012இல் 'இல் மேனர்ஸ்'. அதை இயக்கிய பென் ட்ரூவும் பிளான் பி என்ற பெயரில் ராப் பாடுகிறவர். 2014இல் 'நைட்க்ராலர்'. எல்லாவற்றையும் இங்கே விரித்துப் பேச வேண்டியதில்லை. 2016இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை மட்டும் சொல்கிறேன். சிறுபான்மை நடிகருக்கு வரும் வேடங்களை மூன்று படியாகப் பிரிக்கிறார். முதல் படி அச்சில் வார்த்த ஆட்கள்: டாக்ஸி ஓட்டுநர், பெட்டிக்கடைக்காரர், பயங்கரவாதி. இரண்டாவது படியில் களம் அதே இனம், மதம் சார்ந்த களம்தான், ஆனால் அந்த அச்சை உடைக்கிற வேடம். மூன்றாவது படியில் பாத்திரத்தின் நிறத்துக்கும் கதைக்கும் சம்பந்தமே இருக்காது, டேவ் என்று சாதாரண ஆங்கிலப் பெயர்கூட இருக்கலாம். விமான நிலையத்து விசாரணை அறையும் நடிகர் தேர்வு நடக்கும் அறையும் தனக்கு ஒன்றாகவே தெரிய ஆரம்பித்ததையும் அதில் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் முன்பின் தெரியாத ஒருவர் இவரைப் பார்த்த மாத்திரத்தில் என்ன வகை ஆள் என்று முடிவு செய்கிறார்.

இதே விஷயத்தைப் பாட்டில் கேட்க வேண்டுமானால் 'டி5' இருக்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த இந்திய வம்சாவளி ராப்பர் ஹீம்ஸும் ரிஸும் சேர்ந்த குழு ஸ்வெட் ஷாப் பாய்ஸ். ஒருவர் குடும்பம் இந்தியாவிலிருந்து, இன்னொருவர் குடும்பம் பாகிஸ்தானிலிருந்து. தாளம் அமைத்தவர் ரெடின்ஹோ என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர். 2016இல் வந்த 'காஷ்மீர்' ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்தை வைத்துத்தான் தலைப்பே. தாடியும் தோல் நிறமும் வைத்திருப்பவன் வரிசையில் நின்றால் என்ன நடக்கும் என்பதை, ஷெனாய் போல ஒலிக்கும் ஒரு சுழலும் ஒலித்துணுக்கின் மேல் இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கட்டுரையில் இருக்கிற நிதானம் பாட்டில் இல்லை. கோபமும் கிண்டலும் ஒரே மூச்சில் வருகின்றன. எனக்குக் கட்டுரையைவிடப் பாட்டுதான் உறைத்தது.

அதே 2016இல்தான் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் 'தி நைட் ஆஃப்' தொடரும் வந்தது. கொலைப்பழி சுமத்தப்படும் குவீன்ஸ் மாணவன் நஸீர் கானாக நடித்து அடுத்த வருடம் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். தெற்காசிய வம்சாவளி ஆண் ஒருவருக்கு நடிப்புக்கான எம்மி கிடைத்தது அதுவே முதல் முறை. 2017 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சேனல் 4 நடத்திய சொற்பொழிவில், திரையில் தங்கள் முகத்தைக் காணாத இளைஞர்கள் வேறு கதைகளைத் தேடிப் போவார்கள், ஐஎஸ் அமைப்பின் பிரச்சார வீடியோக்களே ஆக்‌ஷன் படம் போல வெட்டப்பட்டிருக்கின்றன என்று எச்சரித்தார். அந்தப் பேச்சை வைத்துத்தான் திரையில் முஸ்லிம்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பார்க்கும் ஐந்து கேள்விகள் 'ரிஸ் டெஸ்ட்' என்ற பெயரில் பிறந்தன. 2021இல் அவருடைய ஆதரவோடு வந்த ஓர் ஆய்வு 2017 முதல் 2019 வரை வந்த 200 வெற்றிப் படங்களை அலசியது. பேசும் பாத்திரங்களில் முஸ்லிம்கள் 1.6 சதவீதம்தான். இந்த விவரங்களை உங்கள் அறிமுக உரையில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. அவர் அடுத்தடுத்து இரண்டு படங்களில் இசைக்கலைஞனாக நடித்தார், இரண்டிலும் அந்தக் கலைஞனின் உடம்பு அவனைக் கைவிடுகிறது. 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' 2019 டொரான்டோ விழாவில் வந்தது. 'மோகுல் மௌக்லி' 2020 பிப்ரவரியில் பெர்லினில். முதல் படத்தில் டிரம் வாசிக்கும் ரூபனுக்குச் செவித்திறன் போகிறது. இரண்டாவதில், உலகச் சுற்றுப்பயணம் கிளம்பும் தறுவாயில், ஸெட் என்ற ராப்பருக்கு நோய் எதிர்ப்பு மண்டலமே தன் தசைகளைத் தாக்கும் நோய் வந்து கால் விழுந்துவிடுகிறது. ஒரு நடிகருக்கு இப்படி இரண்டு வேடம் தற்செயலாக அமையாது. இரண்டாவது படத்தின் திரைக்கதையில் இயக்குநர் பஸ்ஸாம் தாரிக்கோடு அவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்.

ரூபனுக்காக டிரம்ஸையும் அமெரிக்க சைகை மொழியையும் ஏழு மாதம் போலப் பயின்றார் என்பது தெரிந்த செய்தி. உங்களிடம் நான் சுட்டிக்காட்ட விரும்புவது படத்தின் தொடக்கத்தில் வரும் காலை நேரம். வேனுக்குள் ரூபன் எழுகிறான். காபி சொட்டுச் சொட்டாக விழுகிறது, மிக்ஸி சுற்றுகிறது, ஒவ்வொரு சத்தமும் துல்லியமாகக் காதில் விழுகிறது. செவித்திறன் போன மறுநாள் காலையும் அதே வேலைகள், அதே காபி, அதே மிக்ஸி, ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி ஒரு மந்தமான இரைச்சல் மட்டும். ரிஸ் இங்கே முகத்தை வைத்து எதுவும் செய்யவில்லை. பொருள்களைத் தொடும் கை ஒரு கணம் தயங்குகிறது, அவ்வளவுதான். இன்னொரு காட்சியில், பள்ளி விளையாட்டுத் திடலின் உலோகச் சறுக்குமரத்தில் உட்கார்ந்து ரூபன் தாளம் தட்டுகிறான். காது கேளாத சிறுவன் ஒருவன் அதே சறுக்கில் உடம்பைச் சாய்த்து அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறான். பத்து வருடத்துக்கும் மேலாகத் தாளத்தை நம்பிப் பேசி வந்த ஒருவரால்தான் அந்தக் காட்சியை இவ்வளவு அலட்டல் இல்லாமல் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். அவருடைய ராப்பைக் கேட்டுவிட்டு அந்தச் சறுக்குமரத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

'மோகுல் மௌக்லி' இவ்வளவு மெருகான படம் இல்லை. நடுவில் தடுமாறுகிறது, சில கனவுக் காட்சிகள் நீளம். ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் திரையிட முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஸெட் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போதெல்லாம் முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கும் ஓர் உருவம், வடக்கே மாப்பிள்ளைக்குக் கட்டும் செஹ்ரா அணிந்த உருவம், வந்து வந்து போகிறது. அதன் பெயர் டோபா டேக் சிங். உருது எழுத்தாளர் மண்ட்டோவைத் தமிழில் படித்தவர்களுக்கு உடனே புரியும். நாடு பிரிந்தபோது மனநல விடுதிக் கைதிகளையும் பிரித்து அனுப்ப, இரண்டு எல்லைக்கும் நடுவில் விழுந்து இறக்கிறவனின் கதை. ஸெட்டின் அப்பா சிறுவயதில் பிரிவினை ரயிலில் தப்பி வந்தவர், அதைப் பற்றி வாயே திறக்காதவர். லண்டனில் பிறந்த மகன் உலகமெங்கும் போய் அடையாளத்தைப் பற்றி ராப் பாடுகிறான், ஆனால் அப்பாவிடம் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டதில்லை. இந்த டோபா டேக் சிங், ரிஸின் ஆல்பத்திலும் ஒரு பாட்டின் பெயராக இருக்கிறது. படத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவே சுவரே கிடையாது.

அந்த ஆல்பம்தான் 'தி லாங் குட்பை'. 2020 மார்ச் 6 அன்று வந்தது. பிரிட்டனை ஒரு காதலியாக்கி, பிரிட்னி என்று பெயரும் வைத்து, அவளோடு உறவு முறிந்த கதையாக முழு ஆல்பத்தையும் கட்டியிருக்கிறார். முதல் பாட்டின் பெயரில் உருதுக் கவிஞர் இக்பாலின் 'ஷிக்வா' கவிதை இருக்கிறது. வியாபாரத்துக்கு என்று வந்தவள் வீட்டையே எடுத்துக்கொண்டது, பிரியும்போது பிள்ளைகளை அடித்துக்கொள்ள விட்டுப் போனது, அப்புறம் இவன் பிழைப்பு தேடி அவள் வீட்டுக்கே போனது, இப்போது வெளியே போ என்று அவள் சொல்வது. கிழக்கிந்தியக் கம்பெனியில் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட் வரை வருகிற சரித்திரத்தை ஒரு பாட்டுக்குள் சண்டை போட்டுப் பிரிந்த காதலன் சொல்வது போலச் சொல்லிவிடுகிறார். பாட்டுகளுக்கு நடுவே மின்டி கேலிங், மஹர்ஷலா அலி போன்ற நடிகர்கள் ஆறுதல் சொல்லும் தொலைபேசிச் செய்திகள் வருகின்றன. அவற்றில் சில எனக்கு அதிகப்படியாகத் தோன்றின. அவருடைய அம்மாவின் குரல் வரும் இடம் மட்டும் விதிவிலக்கு.

ஆல்பத்தோடு அதே பெயரில் அனைல் கரியா இயக்கிய 12 நிமிடக் குறும்படமும் வெளியானது. கல்யாணம் நடக்கப் போகிற ஒரு புறநகர் வீடு. நாற்காலி நகர்த்துவதும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதும் மாடியில் பெண்கள் தயாராவதுமாக வீடே இரைச்சல். டிவியில் ஏதோ செய்தி ஓடுகிறது, யாரும் கவனிக்கவில்லை. பிறகு தெருவில் வண்டிகள் வந்து நிற்கின்றன, ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள், குடும்பத்தைத் தெருவுக்கு இழுத்துப் போகிறார்கள். அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் நடந்த பிறகு ரிஸ் கேமராவை நேராகப் பார்த்து 'வேர் யூ ஃப்ரம்' பாடத் தொடங்குகிறார். இசை இல்லை, வெறும் குரல். எந்த ஊர் என்று வாழ்க்கை முழுக்கத் தன்னைக் கேட்டவர்களுக்கு அந்தத் தெருவில் நின்று பதில் சொல்கிறார். 2022இல் குறும்படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான் கிடைத்தது. சிறந்த நடிகருக்கான பரிந்துரை வரை போய், அந்தப் பிரிவில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் என்று பேசப்பட்டும் அவருக்குக் கிடைக்காத சிலை, தன் சொந்த ராப்பைச் சொந்தக் குரலில் பேசி முடித்த பன்னிரண்டு நிமிடத்துக்குக் கிடைத்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது பாட்டை ஓரமாக வைப்பதை நாம் நிறுத்த வேண்டும். அதே கரியாவோடு சேர்ந்து, லண்டனின் தெற்காசியக் குடும்பம் ஒன்றில் நடப்பதாக அமைத்த 'ஹாம்லெட்' 2025இல் விழாக்களுக்கு வந்துவிட்டது. அதையும் நீங்கள் ஒருநாள் திரையிடத்தான் போகிறீர்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு அமர்வாக வைத்தால் நன்றாக இருக்கும். முதல் நாள் 'போஸ்ட் 9/11 ப்ளூஸ்', 'டி5' இரண்டையும் போட்டுவிட்டு 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. சப்டைட்டிலை அணைக்காதீர்கள். ரூபனுக்குச் சைகை மொழி புரியாத வரை பார்ப்பவருக்கும் அது புரியாமல் இருக்கட்டும் என்றே படம் அமைந்திருக்கிறது, ஆகவே முதலில் சைகைப் பேச்சுக்கு எழுத்து வராவிட்டால் கோளாறு என்று நினைத்துப் படத்தை நிறுத்திவிட வேண்டாம். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இந்தப் படத்தைப் போடவே கூடாது. நல்ல ஒலிபெருக்கி கிடைக்கிற தேதிக்குத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது நாள் குறும்படத்தை முதலில் வைக்காதீர்கள், அதற்குப் பிறகு வேறு எதுவும் மனதில் ஏறாது. 'மோகுல் மௌக்லி' ஒன்றரை மணி நேரம். அதை முடித்து, தேநீர் கொடுத்து, ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்க வைத்து, அப்புறம் அந்தப் பன்னிரண்டு நிமிடம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதில் துப்பாக்கிச் சூடு இருக்கிறது. முடிந்த கையோடு கலந்துரையாடலைத் தொடங்க வேண்டாம். கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரையும் சும்மா இருக்க விடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவருடைய லண்டன் உச்சரிப்பும் வேகமும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முதல் தடவையில் பிடிபடாது. உருது வார்த்தைகள் வேறு கலந்து வரும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன சொல்கிறார், யாரை, எந்தச் சம்பவத்தைக் குறிப்பிடுகிறார் என்று ஒரு பக்கக் குறிப்பு தமிழில் இருந்தால் போதும், நுழைவாயிலிலேயே கொடுத்துவிடலாம். அந்தக் குறிப்புகளை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். 'டி5'க்கும் 'தி லாங் குட்பை'யின் முதல் பாட்டுக்கும் எழுதி முடித்துவிட்டேன். எந்த ஊர்த் திரையிடலுக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், என் பெயர் போட வேண்டியதில்லை. தேதி முடிவானதும் சொல்லுங்கள், மற்ற பாட்டுகளுக்கும் அதற்குள் எழுதித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்